வடிகட்டும் துணி

சிரஞ்சீவி பேரனுக்கு, தாத்தாவின் ஆசீர்வாதம்.

செல்வ தேசங்கள் ஏழை தேசங்களின் சுகாதாரத்துக்கென்று கொடுக்கும் பணமெல்லாம் ஆற்றில் கரைத்த புளிதானே என்று எழுதியிருந்தாய். பல சமயம் அப்படித்தான். ஆயினும் தீர்ப்புச் சொல்லுமுன் நரம்புச் சிலந்தி நோயின் சரித்திரத்தைச் சற்றே கேள்.

குளத்து நீரிலுள்ள மிகச் சிறிய தெள்ளுப் பூச்சியோடு மனித வயிற்றில் புகும் இப்புழு, ஓராண்டுக் காலம் உள்ளேயே வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்தை எய்தி, பெரும்பாலும் காலில் கொப்புளமாய்க் கிளம்பித் தீச்சுட்டாற் போன்ற வேதனையுடன் வெளிப்படும். எரிச்சல் தணியக் குளத்தில் காலை வைத்தாலோ, லட்சக்கணக்கான குஞ்சுகளை அந்நீரிலேயே உதிர்த்துவிடும். இதற்கு மருந்துமில்லை, தடுப்பூசியுமில்லை. நாளுக்குச் சிறிதாகக் குச்சியில் சுற்றி இழுப்பதொன்றே தொன்றுதொட்டு வந்த வைத்தியம்.

1986-ல் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலுமாக ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேர் இதனால் வருந்தினர். அவ்வாண்டு, அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் நிறுவிய ஸ்தாபனம் இதை ஒழிக்கும் முயற்சிக்குத் தலைமை ஏற்றது. அது கிராமங்களுக்குக் கொண்டுபோன பொருள்களில் முக்கியமானது, குடத்தின் வாயில் கட்டி நீரை வடிப்பதற்கான நெருங்கிய இழைத் துணி. வழிப்போக்கருக்கும் நாடோடிகளுக்கும், கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ள, அத்தகைய வலை பொருத்திய உறிஞ்சுகுழல்.

துணியின் விலை அற்பம். வீடு வீடாகச் சென்று, யார் காலில் புழு என்று பார்த்து, அவரைக் குளத்தில் இறங்காமல் தடுத்து, கணக்கெழுதும் உள்ளூர்த் தொண்டரைப் பழக்குவதுதான் பெருஞ்செலவு. அச்செலவைச் சுருக்கிய தர்மம் துணியைக் கந்தலாக்கியதோடு முடிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். நைஜீரியாவில் அவ்வாறு ஊரூராகத் தேடியபோதுதான் நோயாளிகள் ஆறரை லட்சத்துக்கும் மேல் என்பதே வெளிப்பட்டது. அந்நாட்டின் முன்னாள் அதிபர் யாகூபு கோவோன் தாமே கிராமங்களுக்குப் போய்ப் பிரசாரம் செய்தார். 2008-க்குப் பின் அங்கே நோயில்லை. சூடானில் 1995-ல், இந்தப் பணிக்காகவே உள்நாட்டு யுத்தம் ஏறக்குறைய ஆறு மாதம் நின்றது! நம் தேசமோ 1983-லேயே சொந்தத் திட்டத்தைத் தொடங்கி, 1996-ல் கடைசி நோயாளியைக் கண்டது. கொடுப்பவன் மட்டுமே காரணகர்த்தா என்று எண்ணிவிடாதே.

2024-ல் உலகம் முழுவதும் நோய் கண்ட மனிதர் 15 பேர். ஆனால் சாட் நாட்டில் புழு நாய்களைப் பற்றிக்கொண்டிருக்கிறது. ஆதலால் அங்கே தொண்டர்கள் இப்போது நாய் தின்னாதபடி மீன் குடலை மண்ணில் புதைக்கச் சொல்லியும், நோயுற்ற நாயைக் கட்டிவைப்போருக்குச் சன்மானம் கொடுத்தும், வாசல் வாசலாக நடந்துகொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தாத்தா