அறிவியல் மன்ற விழாவும் ஒரு நேர்கோட்டுச் சமன்பாடும்

உங்கள் பள்ளி அறிவியல் மன்றம் பிப்ரவரி 28 அன்று ஒரு பட்டறை நடத்த விரும்புகிறது எனக் கொள்வோம். இராமன் விளைவு 1928இல் கண்டறியப்பட்ட அந்த நாளை 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடி வருகிறோம் அல்லவா? அட்டைக் குழலும் பழைய குறுந்தகட்டின் துண்டும் கொண்டு ஒவ்வொரு மாணவரும் தாமே ஒரு நிறமாலைகாட்டி செய்து எடுத்துச் செல்லவேண்டும். 60 பேர் வருவர். இதற்குப் பணம் எவ்வளவு வேண்டும்? எங்கிருந்து வரும்?

செலவுகள் இருவகைப்படும். ஒருவர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் மாறாதவை ஒருவகை: ஒலிபெருக்கி வாடகை ரூ. 1200, பதாகை ரூ. 500, சிறப்புப் பேச்சாளரின் பயணப்படி ரூ. 600, அழைப்பிதழ் ரூ. 200. ஆக ரூ. 2500. ஆளுக்கு ஆள் கூடுபவை மற்றொரு வகை: பொருள்கள் ரூ. 25, மதிய உணவு ரூ. 45, தேநீரும் சுண்டலும் ரூ. 15, சான்றிதழ் ரூ. 5. ஆளுக்கு ரூ. 90. வருவோர் எண்ணிக்கை x, மொத்தச் செலவு y என்றால்,

y = 90x + 2500

இது நீங்கள் கணக்குப் பாடத்தில் வரைந்த அதே நேர்கோடுதான். 60 பேருக்கு ரூ. 7900. ஆளுக்கு ரூ. 50 கட்டணம் என்றால் வரவு y = 50x; அதாவது ரூ. 3000. பற்றாக்குறை ரூ. 4900.

"இன்னும் நிறையப் பேரைச் சேர்த்தால் சரியாகிவிடும்" என்று யாராவது ஒருவர் எழுந்து சொல்வார். வரைபடத் தாளில் இரு கோடுகளையும் வரைந்து அவரிடம் காட்டுங்கள். வரவுக் கோட்டின் சாய்வு 50. செலவுக் கோட்டின் சாய்வு 90. வலப்புறம் செல்லச் செல்ல இடைவெளி அகலுமேயன்றிக் குறையாது. ஒவ்வொரு புதிய மாணவரும் மேலும் ரூ. 40 பற்றாக்குறையை உடன் கொண்டுவருகிறார்!

ஆகவே முதலில் சாய்வைக் குறைக்கவேண்டும். மதிய உணவை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரலாம். சாய்வு 45 ஆகிவிடும். அடுத்து, மாறாச் செலவு. பள்ளியில் ஒலிபெருக்கி இருக்கும்போது வாடகைக்கு எடுப்பானேன்? பதாகையை ஓவியம் வரையத் தெரிந்த மாணவர் துணியில் எழுதலாம். (அச்சிட்டதைவிட அதுதான் அழகு என்பது என் கட்சி.) 2500 இப்போது 800 ஆயிற்று. மொத்தச் செலவு ரூ. 3500, பற்றாக்குறை ரூ. 500 மட்டுமே. எவரிடமும் கை நீட்டுமுன்பே கணக்கு இவ்வளவு தூரம் இறங்கிவிட்டது.

ஆனால் நம் மதிப்பீடுகள் துல்லியமானவையா? இயற்பியல் ஆய்வகத்தில் ஒவ்வோர் அளவீட்டிலும் பிழை உண்டு. நான்கு இனங்களில் ஒவ்வொன்றிலும் ரூ. 100 அளவுக்குத் தற்செயல் பிழை இருந்தால், சில கூடுதலாகவும் சில குறைவாகவும் அமைந்து ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்யும். கூட்டுத்தொகையின் பிழை ரூ. 200 அளவில் நிற்கும். நான்கும் ஒரே பக்கம் சாய்ந்தாலோ ரூ. 400. செலவு மதிப்பீட்டில் நாம் பெரும்பாலும் ஒரே பக்கம், குறைவான பக்கமே சாய்கிறோம். திட்டமிடும்போது மனிதர்கள் தம்மையறியாமல் இவ்வாறு நம்பிக்கை மிகுந்து கணிப்பதை டேனியல் கானெமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்னும் உளவியலாளர்கள் 1979இல் ஒரு கட்டுரையில் விளக்கி, அதற்குப் பெயரும் சூட்டினர். மருந்து எளியது: சென்ற ஆண்டுக் கணக்கேட்டைப் புரட்டுங்கள், இரண்டு கடைகளில் நேரில் விலை கேளுங்கள், அதன் பிறகும் பத்து விழுக்காடு ஒதுக்கி வையுங்கள். இங்கே அது ரூ. 350. கட்டணம் செலுத்த இயலாத ஐந்து பேருக்காக மேலும் ரூ. 250. ஆக, திரட்டவேண்டியது ரூ. 1100.

இங்கே என் பள்ளி நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். 1994இல் எங்கள் மன்றக் கண்காட்சிக்கு ஒரு கடைக்காரர் ரூ. 500 தருவதாகச் சொன்னார். அன்றே அதை வரவில் எழுதிவிட்டோம். கண்காட்சி நாளன்று அவர் வெளியூர் போய்விட்டார். மாலையில் ஒலிபெருக்கிக்காரர் வாடகை ரூ. 350 கேட்டு வாசலில் நின்றார். எங்கள் பொருளாளர் ஒன்பதாம் வகுப்பு மாணவன். பள்ளிச் சுற்றுலாவுக்காக வீட்டில் கொடுத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டான், எவரிடமும் சொல்லவில்லை. சுற்றுலா வண்டி புறப்பட்டபோது அவன் இல்லாததைக் கண்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு நாங்கள் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் அவன் மன்றத்துக்கு வரவேயில்லை. எங்களில் நன்றாகக் கணக்குப் போடுபவன் அவன்தான்.

எனவே வரவை இரண்டு பத்திகளாக எழுதுங்கள்: 'கைக்கு வந்தது', 'வரும் என்றது'. முதல் பத்திக்கு மட்டுமே செலவு செய்யலாம்.

நன்கொடை கேட்பதில் கூச்சம் வேண்டா. இராமன் தம் ஆய்வைச் செய்த கல்கத்தா இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகமே பொதுமக்கள் நன்கொடையால் எழுந்ததுதான். மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1869இல் அதற்காக எழுதி வேண்டினார். கழகம் தொடங்கியது 1876இல். இராமன் அங்கே காலடி வைத்தது 1907இல்.

தலைமையாசிரியரின் அனுமதி பெற்று, பொறுப்பாசிரியரோடு செல்லுங்கள். "தங்களால் இயன்றதைத் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். கேட்பவருக்கே எவ்வளவு வேண்டுமென்று தெரியவில்லை என்றுதான் அதற்குப் பொருள். பெற்றோர் ஆசிரியர் கழகத்திடம் பேச்சாளரின் பயணப்படி ரூ. 600 கேட்கலாம். எழுதுபொருள் கடைக்காரரிடம் பணமாக வேண்டா, ரூ. 500 மதிப்புள்ள அட்டையும் பசையும் கேளுங்கள். தொகை சரியாகிவிட்டதல்லவா? பெற்றதற்கெல்லாம் அடிக்கட்டையுள்ள இரசீது கொடுங்கள். விழா முடிந்த ஒரு வாரத்துக்குள் வரவு-செலவைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டி, கொடுத்தவர்களுக்கு ஒவ்வொரு படி அனுப்புங்கள்.

இனி உங்களுக்கு ஒரு பயிற்சி. உணவில்லாத திட்டத்தில் (y = 45x + 800) கட்டணத்தை ரூ. 55 ஆக்கினால் இரு கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்ளும்? வரைந்து பாருங்கள், 80 பேர் என விடை வரும். அந்தக் கூடுதல் ஐந்து ரூபாயால் வராமற்போகிறவர்கள் எத்தனை பேர் என்பதை வரைபடம் சொல்லாது. அதை உங்கள் வகுப்பில் விசாரித்து எழுதுங்கள்.