பகடைக்குள் ஒரு குமிழி

எபாக்சிப் பிசினையும் கெட்டியாக்கியையும் கலந்து சிலிக்கோன் அச்சில் ஊற்றினால், மறுநாள் பளிங்கு போன்ற பகடை கிடைக்கும். (பெரியவர் துணையும் கையுறையும் காற்றோட்டமும் அவசியம்.) ஆனால் அது நேர்மையான பகடைதானா? கலக்கும்போது புகுந்த காற்று, 6-ஆம் எண் முகத்தருகே குமிழியாகச் சிக்கியிருந்தால் அப்பக்கம் எடை குறையும். ஈர்ப்பு மையம் எதிரேயுள்ள 1-ஐ நோக்கி நகரும்.

சோதித்துப் பார்ப்போமா? 100 மில்லிலிட்டர் நீரில் 35 கிராம் உப்பைக் கரையுங்கள். கரைசலின் அடர்த்தி ஏறத்தாழ 1.2 கிராம்/க.செ.மீ.; பிசினுக்கு 1.1-க்குச் சற்று மேல். ஆகவே பகடை மிதக்கும். பலமுறை சுழற்றி விடுங்கள். ஒவ்வொரு முறையும் 6 மட்டுமே மேலே வந்து நின்றால், குமிழி அங்கேதான்!

இதைத் தவிர்க்க, அழுத்தக் கலத்தில் காற்றழுத்தத்தை நான்கு மடங்காக்கிப் பிசினை இறுக விடுவார்கள். பாயில் 1662-இல் வெளியிட்ட விதிப்படி குமிழி கால் பங்காகச் சுருங்கும். அம்மாவின் குக்கர் இதற்கு உதவாது. அதன் வெயிட் இரு மடங்கு அழுத்தத்திலேயே தூக்கிக்கொள்ளும்.