பாதி ஆங்கிலம் கைவந்தவர்களுக்குப் பாடம் எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு

கல்லூரியில் ஆங்கில வகுப்பை முதல்முறை ஏற்கும் பிள்ளைகள், வேலையில் சேர்வதற்கு முன், அந்தமானில் லம்பா லைனில் உள்ள என் வீட்டுக்கு வந்து யோசனை கேட்பதுண்டு. அவர்களிடம் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

1. உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஆங்கிலம் தெரியாதவர்கள் அல்ல. பள்ளியில் பல வருஷம் படித்தவர்கள். செய்தித்தாள் பாதிக்கு மேல் புரியும். பேசத் தொடங்கினால் மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிடும். அவர்களை மறுபடியும் வினைச்சொல் அட்டவணை ஒப்பிக்க வைக்காதீர்கள், மனம் விட்டுப்போகும். முதல் வாரத்தில் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள், ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேச வையுங்கள். வட அந்தமானின் டிக்லிப்பூரிலிருந்து வந்த வங்காளிப் பெண் அழகாக எழுதுவாள், வாய் திறக்கக் கூசுவாள். சுற்றுலாப் பயணிகளோடு பேசிப் பழகிய தமிழ்ப் பையன் எழுத்தில் திணறுவான். இருவருக்கும் ஒரே பயிற்சி உதவாது.

2. கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில், இடைநிலையான பி1 படியிலிருந்து பி2 படிக்கு ஏற ஏறத்தாழ 200 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் மதிப்பீடு. ஒரு மணி நேர வகுப்பு வாரம் நாலு, 15 வாரம் என்றால் உங்கள் கையில் 60 மணிதான். இதை மாணவர்களிடமும் சொல்லிவிடுங்கள். எவ்வளவு படித்தும் முன்னேறவில்லையே என்று இடைநிலையில்தான் பிள்ளைகள் அதிகம் சோர்ந்துபோகிறார்கள்.

3. புத்தகத்தின் ஓரத்தைப் படியுங்கள். நம்மவர் செய்த ஆய்விலிருந்து வந்த யோசனை இது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தம் முதலாண்டு கலைப்பிரிவு மாணவர்களைப் பற்றி 1993-இல் டெசோல் குவார்ட்டர்லி இதழில் எழுதினார். வகுப்புக்குக் கிடைத்த பாடநூல் ‘அமெரிக்கன் கெர்னல் லெசன்ஸ்: இன்டர்மீடியட்’. அதிலிருந்த வாழ்க்கைக்கும் வெளியே நடந்த போருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மாணவர்கள் வகுப்பில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் புத்தகத்தின் ஓரங்களில் தமிழில் எழுதினார்கள், படம் வரைந்தார்கள். காதல், சினிமா, போராட்டம் எல்லாம் அங்கே இருந்தன. அதே மாணவர்கள் ஆசிரியரிடம் கேட்டதோ தேர்வுக்கு உதவும் இலக்கணத்தை. இரண்டும் உண்மை. ‘கலந்துரையாடல் முறை’ என்று சொல்லி இலக்கணத்தை மறுப்பதும் தவறு, இலக்கணத்தை மட்டும் கொடுத்து ஓரத்தில் எழுதும் கையைக் கவனிக்காமல் விடுவதும் தவறு. உங்கள் வகுப்பில் யாரும் பேசவில்லை என்றால் அவர்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பாடநூல் அவர்களைச் சொல்லவிடவில்லை என்றும் இருக்கலாம்.

4. பேசுவதற்குக் காரணம் கொடுங்கள். ஆங்கிலக் கல்வியாளர் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் நடத்திப் பார்த்த திட்டம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. வரைபடம், ரயில் கால அட்டவணை போன்றவற்றைக் கொடுத்து, யோசித்து விடை காண வைத்தார். ஒருவர் அறிந்த விவரத்தை இன்னொருவருக்குச் சொல்வதைவிட, இருக்கும் விவரத்திலிருந்து முடிவுக்கு வரும் வேலையே மொழியை அதிகம் வளர்க்கும் என்பது அவர் கண்டது. நமக்குக் கப்பல் அட்டவணை இருக்கிறது. தென்கோடியிலுள்ள காம்ப்பெல் பே மாணவி திங்கட்கிழமை பரீட்சைக்கு போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வந்துசேர வேண்டும், எந்தக் கப்பலில் கிளம்புவாள்? பாட்டியைச் சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்துப்போக வேண்டும், மூன்று நாள் கப்பலா, இரண்டரை மணி விமானமா? பணம், உடல்நிலை, டிக்கெட் மூன்றையும் வைத்து முடிவெடுத்து, ஏன் என்று ஆங்கிலத்தில் விளக்கச் சொல்லுங்கள். எல்லோரும் பேசுவார்கள், ஏனென்றால் இந்தத் தவிப்பு எல்லோர் வீட்டிலும் நடந்தது.

5. எல்லாப் பிழையையும் திருத்தாதீர்கள். வாரத்துக்கு ஒரு வகை போதும். ‘எ’, ‘தி’ தவறுவதைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். தமிழிலும் ஹிந்தியிலும் அவற்றைப் போல் கட்டாயமாக வரும் சொல் இல்லாததால் அது கடைசியில்தான் படியும். நீண்ட வாக்கியம் உடைந்துபோவதைச் சரிசெய்ய நேரம் செலவழியுங்கள். ‘நேற்று வந்த பையன்’ என்று நாம் விளக்கத்தை முன்னால் வைக்கிறோம், ஆங்கிலம் பெயருக்குப் பின்னால் வைக்கிறது. இந்த ஒரு திருப்பம் கைவந்தால் கட்டுரை முழுக்கத் தெளியும்.

6. உச்சரிப்பைக் கேட்டு யாரும் சிரிக்க அனுமதிக்காதீர்கள். முதல் சிரிப்பிலேயே நிறுத்துங்கள்.

7. தாய்மொழியில் விளக்குவது குற்றமில்லை. ஆனால் 2011 கணக்கெடுப்புப்படி இந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வங்காளத்துக்கும் ஹிந்திக்கும் அடுத்துத்தான் தமிழ், அதற்கடுத்துத் தெலுங்கு. வகுப்பில் நிக்கோபாரிப் பிள்ளைகளும் இருப்பார்கள். நீங்கள் தமிழில் ஒரு நகைச்சுவை சொன்னால் பாதி வகுப்பு வெளியே நிற்கும். குழுவுக்குள் அவரவர் மொழியில் யோசிக்கட்டும், எல்லோருக்கும் சொல்வது ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

8. கேட்கும் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபின், இணையம் மந்தம் என்று சொல்லித் தப்ப முடியாது. விமான நிலைய அறிவிப்பு, வானொலிச் செய்தி, வேலைக்கான நேர்காணல் என்று நிஜப் பேச்சைக் கொண்டுவாருங்கள். முதலில் எழுத்து வடிவம் இல்லாமல் இருமுறை, பிறகு எழுத்தைப் பார்த்து ஒருமுறை.

9. பல்கலைக்கழகத் தேர்வு எழுத்துத் தேர்வாகவே இருந்தாலும், உள்மதிப்பீட்டில் ஒரு பங்கைப் பேச்சுக்கு ஒதுக்கிவிடுங்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை இரண்டாவது வாரத்துக்குள் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.