புல் வெட்டும் மெஷின்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

பிரஷ் கட்டர் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் எத்தனை சிசி, என்ன விலை, ஒரு லிட்டருக்கு எவ்வளவு நேரம் ஓடும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வாங்கியபின் அந்த மெஷினை யார் எடுப்பார், யார் பெட்ரோல் ஊற்றுவார், வேலை முடிந்ததும் எப்படி வைப்பார் என்ற யோசனை பலருக்கு வருவதில்லை. இந்தக் குட்டி இன்ஜின்களின் ஆயுள் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. தென்னந்தோப்பில் புல் அடிப்பதானாலும் வாழைக்கு இடையில் களை வெட்டுவதானாலும், எந்த இன்ஜின் என்பதைப் பராமரிப்பை வைத்தே முடிவு செய்யுங்கள்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயிலுக்கென்று தனி இடம் கிடையாது. பெட்ரோலில் கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டன், சிலிண்டர், கிராங்க் பேரிங் எல்லாவற்றையும் தேயாமல் காக்கிறது. பழைய டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பங்க்கில் பெட்ரோலோடு 2டி ஆயிலும் சேர்த்து வாங்கிப் பழகியவர்கள். 2015-இல் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்தபிறகு வண்டி ஓட்டக் கற்றவர்களுக்கு அந்தப் பழக்கமே இல்லை. அப்படி ஒருவர் பைக்கிலிருந்து பிடித்த பெட்ரோலை நேராக மெஷினில் ஊற்றிவிட்டால், இன்ஜின் வழக்கம்போல ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச நேரம் நன்றாகவே ஓடும். பிறகு சூடேறி, சத்தம் மாறி, பட்டென்று நிற்கும். கயிற்றை இழுத்தால் அசையாது. பிஸ்டன் பிடித்துவிட்டது. பிஸ்டனோடு சிலிண்டரையும் மாற்ற வேண்டி வந்தால், விலை குறைந்த மெஷினில் அந்தச் செலவே கட்டுப்படியாகாது.

கலவை அளவில் கைக்கணக்கு வேண்டாம். ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற நிறுவனங்கள் தங்கள் ஆயிலுக்கு 50:1 என்று சொல்கின்றன; அதாவது லிட்டருக்கு 20 மில்லி. வேறு சாதாரண 2டி ஆயில் என்றால் 25:1, லிட்டருக்கு 40 மில்லி என்பது ஸ்டில் கையேட்டின் கணக்கு. உங்கள் மெஷினின் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே இறுதி. ‘கூடக் கொஞ்சம் ஊற்றினால் நல்லதுதானே’ என்பதும் தவறு. பிளக் கறுத்து நனையும், சைலன்சரின் வாயில் கரி அடைத்து இழுவை குறையும்.

ஆயில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஜாசோ முத்திரையில் எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று தரம் போட்டிருக்கும். எஃப்டி என்றால் கரி குறைவு, புகையும் குறைவு. எஃப்சி கிடைத்தாலும் போதும். டிசி-டபிள்யூ3 என்றிருந்தால் வாங்காதீர்கள். அது தண்ணீரால் குளிரும் படகு இன்ஜினுக்கானது. காற்றால் குளிரும் நம் மெஷினின் சூட்டுக்கு அது தாங்காது. கடலோர ஊர்களில் இரண்டும் ஒரே கடையில் கிடைக்கும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலக்கும் வேலை இல்லை. புகை குறைவு, சத்தம் குறைவு, பெட்ரோலும் மிச்சம். ஆனால் அதன் ஆயில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த வகையில் பெயர்பெற்ற ஹோண்டா ஜிஎக்ஸ்35 இன்ஜின் 35.8 சிசி, அது கொள்ளும் ஆயில் வெறும் 100 மில்லி, ஒரு டீ கிளாஸ் அளவு. நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்று சுற்றும் இன்ஜின் இதை நம்பித்தான் ஓடுகிறது. பைக்கில் 50 மில்லி குறைந்தால் ஒன்றும் தெரியாது. இதில் அது பாதி. ஆகவே ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்ஜினைச் சமதரையில் நிறுத்தி, மூடியைக் கழற்றி, ஆயில் வாய் விளிம்பு வரை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை. புது இன்ஜினில் முதல் பத்து மணி நேரத்தில் ஆயிலை மாற்றி, பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். 10டபிள்யூ-30 ஆயில் எங்கும் கிடைக்கிறது. பல நூறு மணி நேரம் ஓடியபின் வால்வு இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். அது மெக்கானிக் வேலை.

நடுவில் மூன்றாவது ஒன்றும் உண்டு. ஸ்டில் நிறுவனத்தின் 4-மிக்ஸ் இன்ஜினில் ஃபோர் ஸ்ட்ரோக் போல வால்வு இருக்கும். ஆயிலை மட்டும் பெட்ரோலில் கலந்துதான் ஊற்ற வேண்டும். நல்ல இன்ஜின்தான், ஆனால் கலக்கும் பொறுப்பும் வால்வு பார்க்கும் பொறுப்பும் இரண்டுமே உங்கள் தலையில். பக்கத்து ஊரில் டீலர் சர்வீஸ் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

எந்த இன்ஜின் வாங்கினாலும் பெட்ரோல் விஷயத்தில் இப்போது கூடுதல் கவனம் வேண்டும். பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சிறு இன்ஜின் கையேடுகள் பலவற்றில் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றே இருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் டயாபிராமையும் பெட்ரோல் குழாயையும் கெடுக்கும். இதற்கு நம் கையில் உள்ள வழி, பெட்ரோலைத் தேங்க விடாமல் இருப்பது. ஒரு மாதத்துக்குள் தீர்கிற அளவு மட்டும் வாங்குங்கள். மழைக்காலப் புல் வெட்டி முடிந்து மெஷினை ஓரம் வைக்கிறீர்கள் என்றால், டேங்க்கைக் காலி செய்துவிட்டு, கார்புரேட்டரில் மிஞ்சியிருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். அடுத்த சீசனில் ‘கயிறு இழுத்துத் தோளே போச்சு’ என்று மெக்கானிக்கிடம் தூக்கிப்போகும் மெஷின்களில் பலவற்றுக்கு இதைச் செய்யாததுதான் காரணம்.

மற்ற வேலைகள் இரண்டுக்கும் பொது. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். சிலிண்டர் மேல் உள்ள பட்டைகளுக்கு இடையில் ஒட்டும் புல்லை எடுத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் சூடு வெளியேறாது. பிளேடுக்கு மேலுள்ள கியர் பெட்டிக்கு அவ்வப்போது கிரீஸ் வையுங்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இன்ஜினின் நிலை புரியும். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் நலம். கறுப்பாக நனைந்திருந்தால் ஆயில் அதிகம் அல்லது ஃபில்டர் அடைப்பு. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்; உடனே நிறுத்துங்கள். இவையெல்லாம் வீட்டிலேயே செய்யலாம். கார்புரேட்டர் திருகுகளில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே பெட்ரோல் வரத்து குறைந்தால் ஆயிலும் சேர்ந்து குறையும், டூ ஸ்ட்ரோக் பிடித்துவிடும்.

இனி என் முடிவு. நீங்களே மெஷின் எடுப்பவர், அல்லது வீட்டில் ஒருவர்தான் எடுப்பார், வாரம் தவறாமல் வேலை இருக்கும் என்றால் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கம் ஒரே கையில்தான் நிலைக்கும். கூலிக்கு வருபவர்கள் மாறி மாறி எடுப்பார்கள், மேட்டுச் சரிவில் தூக்கி நடக்க எடை குறைவாக வேண்டும், முள்ளும் தடித்த செடியும் வெட்ட வேண்டும் என்றால் டூ ஸ்ட்ரோக்கே மேல். ஆனால் ஆயில் கலந்த பெட்ரோலை மட்டுமே தோட்டத்து அறையில் வையுங்கள். கேனில் பெரிதாக ‘மெஷினுக்கு மட்டும்’ என்று எழுதுங்கள். கலப்பது எப்போதும் நீங்களாகவே இருங்கள்.

பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்: டயாபிராம், பெட்ரோல் குழாய், ஸ்டார்ட்டர் கயிறு மூன்றும் கடையில் இருக்கிறதா? இல்லை என்றால், மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேறு கடை பாருங்கள்.