மையவாடி வேலி: மூலைக்கம்பமும் முட்டுக்காலும்



மையவாடியின் கிழக்கு எல்லையில் இரும்புக் கம்பங்கள் நட்டுப் புதிய கம்பிவேலி அமைக்க நம் அறக்கட்டளை முடிவு செய்திருப்பதை அறிவீர்கள். மர்ஹூமான பெற்றோரின் பெயரில் ஸதக்கத்துல் ஜாரியாவாக எண்ணி இதற்குப் பொருள் தந்தவர்கள் நம்மில் பலர். நிலையான தர்மம் என்று பெயர் சொல்லிவிட்டு, நான்கு மழையில் சாய்ந்துவிடும் வேலியைக் கட்டினால் அந்தப் பெயருக்குப் பொருளில்லை. வேலி சாய்ந்த இடத்தில் முதலில் ஆடு வரும், பிறகு நாய் வரும், அதன்பின் குப்பை வரும். கடைசியில் எல்லைக்கல்லே இடம் மாறும். வக்ஃப் நிலத்தில் கைவிட்டுப் போன ஒரு முழத்தைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே இந்த இதழின் பாடமாக, இரும்புக் கம்பவேலி எதனால் நிற்கிறது, எதனால் விழுகிறது என்பதை எழுதுகிறேன். வீட்டுக் கொல்லைக்கோ தென்னந்தோப்புக்கோ வேலி போடுகிறவர்களுக்கும் இது பயன்படும், இன்ஷா அல்லாஹ்.

திருக்குர்ஆனின் 57-ஆவது அத்தியாயத்தின் பெயரே அல்ஹதீத், அதாவது இரும்பு. நபி தாவூத் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கித் தந்த இறைவன், கவசத்தின் கண்ணிகளை அளவோடு அமைக்குமாறு கட்டளையிட்டதை ஸபா அத்தியாயம் சொல்கிறது. இரும்பு கையில் இருந்தால் மட்டும் போதாது, அளவும் தெரிய வேண்டும். இந்தப் பாடமும் அந்த அளவைப் பற்றியதுதான்.

1. சுமையைத் தாங்குவது எந்தக் கம்பம்?

90 மீட்டர் நீளமுள்ள நேர் வேலியை எடுத்துக்கொள்வோம். 3 மீட்டருக்கு ஒன்றாக நட்டால் 31 கம்பங்கள் வரும். இவற்றுள் பெரும்பாலானவை கம்பியைத் தூக்கிப் பிடிப்பவை மட்டுமே. இருபக்கமும் கம்பி சமமாக இழுப்பதால் அவற்றின் மீது சாய்க்கும் விசை மிகக் குறைவு. முழு இழுவையையும் ஏற்பவை இரண்டு கடைசிக் கம்பங்கள்தாம். அவற்றுக்கு ஒரு பக்கம் மட்டுமே கம்பி இருக்கிறது. மூலைக்கம்பத்தை இரண்டு திசைகளிலிருந்து கம்பி இழுக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஐந்து வரிசைக் கம்பி, ஒவ்வொன்றிலும் 60 கிலோ இழுவை என்றால் மொத்தம் 300 கிலோ. அவற்றின் சராசரி உயரம் தரையிலிருந்து முக்கால் மீட்டர். இது, 1 மீட்டர் உயரத்தில் கயிறு கட்டி 225 கிலோவால் இழுப்பதற்குச் சமம். கடையில் நாம் வாங்கும் 50×50×6 மி.மீ. ஆங்கிள் கம்பத்தை முட்டு எதுவும் இல்லாமல் நட்டால், அந்த உயரத்தில் சுமார் 90 கிலோவுக்கே அது வளையத் தொடங்கிவிடும். தடித்ததாகப் பார்த்து 65×65×6 ஆங்கிள் வாங்கினாலும் தாங்குவது ஏறத்தாழ 130 கிலோதான்.

கம்பத்தைத் தடிப்பாக்கிக்கொண்டே போவது இதற்கு வழியாகாது. ஆங்கிளை எடை போட்டு விற்கிறார்கள். 50×50×6 ஒரு மீட்டருக்கு 4.5 கிலோ, 65×65×6 ஒரு மீட்டருக்கு 5.8 கிலோ. 31 கம்பங்களையும் தடிப்பாக வாங்கும் செலவு பெரிது, அதனால் கிடைக்கும் பலம் சிறிது. தேவையான இடத்தில் ஒரு முட்டுக்கால் கொடுத்தால் வேலை முடிந்துவிடும்.

2. முட்டுக்கால் எத்தனை, எந்தச் சாய்வில்?

மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு இப்படிச் சொல்கிறது: கடைசிக் கம்பத்துக்கு ஒரு பக்கம் முட்டு, மூலைக்கம்பத்துக்கும், கடைசிக்கு முந்திய கம்பத்துக்கும், இடையில் ஒவ்வொரு 15-ஆவது கம்பத்துக்கும் இருபக்கமும் முட்டு. இடையில் வரும் முட்டுக்கு ஒரு காரணம் உண்டு. ஓரிடத்தில் கம்பி அறுந்தாலும் வேலி முழுவதும் தளராமல் அந்தப் பகுதியோடு சேதம் நின்றுவிடும்.

எத்தனை முட்டு என்பதைவிட, அது எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதே முக்கியம். இரும்பை மிச்சப்படுத்தக் குட்டையான முட்டைச் செங்குத்தாக வைப்பதைப் பல இடங்களில் காணலாம். அப்படி வைத்த முட்டு, கம்பத்தைத் தாங்குவதற்குப் பதிலாக மேல்நோக்கி நெம்பிப் பிடுங்கிவிடும்.

மேலே சொன்ன கணக்கிலேயே, 1 மீட்டர் உயரத்தில் முட்டு கொடுத்ததாக வைப்போம். முட்டு தரையோடு 45 டிகிரி சாய்ந்திருந்தால் கம்பத்தை மேலே தூக்கும் விசை 225 கிலோ. 30 டிகிரி என்றால் 130 கிலோ. 60 டிகிரி என்றால் 390 கிலோ. இனி அடித்தளத்தைப் பார்ப்போம். 45 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம் கொண்ட காங்கிரீட் கட்டியின் எடை சுமார் 290 கிலோ. 45 டிகிரிச் சாய்வில் அந்த எடையே கம்பத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். 60 டிகிரியில் பிடிக்காது. வடகிழக்குப் பருவமழையில் மண் இளகியதும் கட்டியோடு கம்பம் கிளம்பிவிடும்.

எனவே முட்டின் கால், கம்பத்திலிருந்து தள்ளி இருக்கும் தூரம் அதன் தலை இருக்கும் உயரத்தைவிடக் குறையக் கூடாது. 1 மீட்டர் உயரத்தில் தலை என்றால், கால் ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் தள்ளி இருப்பது நல்லது. முட்டின் காலுக்கும் தனியாக ஒரு காங்கிரீட் கட்டி வேண்டும். வெறும் மணலில் ஊன்றினால் அது உள்ளே புதைந்துவிடும்.

மண் மிகவும் பொலபொலவென்று இருக்கும் இடத்தில் இரட்டைக் கம்ப முறை சிறந்தது. கடைசிக் கம்பத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி, வேலி வரிசையிலேயே இரண்டாவது கம்பத்தை நட்டு, இரண்டின் தலைகளையும் ஒரு குறுக்கு ஆங்கிளால் இணைக்க வேண்டும். பிறகு இரண்டாவது கம்பத்தின் தலையிலிருந்து கடைசிக் கம்பத்தின் அடிக்குக் கோணலாக ஒரு கம்பியை இழுத்து முறுக்க வேண்டும். இதைத் திருப்பிக் கட்டினால் ஒரு பயனும் இல்லை.

3. அடுத்தவர் நிலமும் கபர்களின் கண்ணியமும்

மின்கம்பத்துக்குப் போடுவதுபோல ஸ்டே கம்பி போட்டால் என்ன என்று சிலர் கேட்டார்கள். ஸ்டே கம்பி இழுவைக்கு எதிர்த்திசையில் போக வேண்டும். நம் எல்லையின் கடைசிக் கம்பத்துக்கு அப்படிப் போட்டால் அதன் நங்கூரம் அண்டை வீட்டார் நிலத்தில் அல்லது பாதையில் விழும். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுப்பவருக்கு வந்துள்ள எச்சரிக்கையை நாம் ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். அது வக்ஃபுக்காகச் செய்தாலும் பொருந்தும். முட்டுக்கால் கம்பிக்கு அடியிலேயே, வேலி வரிசையில் நிற்பதால் இந்தச் சங்கடம் இல்லை.

இதே காரணத்தால் கம்பத்தையும் அளவைக் கோட்டின் மீதே நடக் கூடாது. 45 செ.மீ. அகலக் கட்டியில் பாதி அடுத்தவர் மண்ணுக்குள் போய்விடும். கோட்டிலிருந்து 25 முதல் 30 செ.மீ. உள்ளே தள்ளி நட வேண்டும்.

மூலையில் இரண்டு முட்டுகளுக்குப் பதிலாக, நிலத்தின் உட்புறம் நோக்கிக் குறுக்காக ஒரே முட்டு வைப்பதும் வழக்கத்தில் உண்டு. ஒரு பக்கக் கம்பி தளர்ந்தால் அது பயன் தராது. அதைவிட முக்கியம், அதன் குழி மையவாடிக்குள் வெட்டப்படும். அங்கே அடையாளம் இல்லாத பழைய கபர்கள் இருக்கக்கூடும். ஆகவே வேலி வரிசைக்குள் மட்டுமே குழி வெட்ட வேண்டும். அந்த வரிசையிலும் கடப்பாரை இறங்குமுன் கபர் தோண்டுகிறவரையும் மூத்தவர்களையும் அழைத்துக் காட்ட வேண்டும். எலும்பு தென்பட்டால் உடனே நிறுத்தி மண்ணை மூடிவிட்டுக் கம்பத்தைத் தள்ளி நடலாம். 3 மீட்டர் இடைவெளி இரண்டரை மீட்டராக மாறினால் வேலிக்கு ஒரு குறையும் வராது.

4. துரு எங்கே தொடங்குகிறது?

கம்பம் ஒடிவது பெரும்பாலும் தரைமட்டத்தில்தான். அங்கேதான் ஈரம், காற்று, உப்பு மூன்றும் ஒன்றுசேர்கின்றன. காங்கிரீட்டின் மேற்பரப்பு தரைக்குக் கீழே இருந்தால் கம்பத்தைச் சுற்றிக் குளம் கட்டியதுபோல நீர் நிற்கும். காங்கிரீட்டைத் தரைக்கு மேல் 5 செ.மீ. உயர்த்தி, நாலாபுறமும் சரிவாகப் பூசிவிட்டால் நீர் வழிந்தோடும். கம்பத்தின் அடிமுனை கட்டியைத் துளைத்து மண்ணைத் தொடாதபடி கீழே 5 செ.மீ. காங்கிரீட் விட வேண்டும். கம்பம் உருவிக்கொண்டு வராமலிருக்க அடிமுனையைப் பிளந்து இருபுறமும் மடக்குவது, அல்லது ஒரு குறுக்குத் துண்டு பற்றவைப்பது பழைய நல்ல வழக்கம். கடல் மணலும் உப்புத்தண்ணீரும் காங்கிரீட்டில் சேரவே கூடாது. அவற்றில் உள்ள உப்பு, இரும்பை உள்ளிருந்தே தின்றுவிடும்.

அடுத்தது பூச்சு. ரெட் ஆக்சைடும் பெயிண்டும் நம் கடற்காற்றில் நீண்ட நாள் நிற்பதில்லை. உருக்கிய துத்தநாகத்தில் சுமார் 450 டிகிரி சூட்டில் முக்கி எடுக்கும் ஹாட் டிப் கால்வனைஸ் முறையே நம் பகுதிக்கு ஏற்றது. இந்தியத் தர நிர்ணயப்படி 5 மி.மீ.யும் அதற்கு மேலும் தடிமனுள்ள இரும்புக்கு ஒரு சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம் ஏற வேண்டும். அது சுமார் 85 மைக்ரான் தடிமன். கடலோர ஊர்களில் துத்தநாகம் ஆண்டுக்கு 2 முதல் 4 மைக்ரான் வரை கரையும். அலைச்சாரல் படும் தூரத்தில் 8 மைக்ரான் வரையும் கரையலாம். ஆகவே நல்ல பூச்சு கரைக்கு மிக அருகில் 10 ஆண்டுகளாவது காக்கும், சற்று உள்ளே 20 ஆண்டுகளுக்கு மேலும் காக்கும். மின்சார முறையில் பூசிய பளபளப்பான கம்பமும் கால்வனைஸ் என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. அதில் இருப்பது பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரான்தான். பார்வைக்கு அதுவே அழகாக இருக்கும்; ஏமாறக் கூடாது.

துளையிடுவது, பற்றவைப்பது எல்லாம் முக்குவதற்கு முன்பே பட்டறையில் முடிந்திருக்க வேண்டும். முட்டுக்காலைக் கம்பத்தோடு இணைக்கக் களத்தில் கால்வனைஸ் போல்ட்டும் நட்டும் போதும். முக்கிய பிறகு வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துவிடும், துரு அங்கிருந்தே தொடங்கும். அந்தப் புகையைச் சுவாசிக்கும் தொழிலாளிக்குக் குளிர்க் காய்ச்சலும் வரும். அவருடைய உடல்நலமும் நம் பொறுப்பில் சேர்ந்ததுதான். தவிர்க்க முடியாமல் சிறு வெல்டிங் வைத்தால், சுரண்டிச் சுத்தம் செய்து துத்தநாகம் மிகுந்த பெயிண்டை இரண்டு கோட்டாவது பூச வேண்டும்.

குழாய்க் கம்பம் வைப்பவர்கள் தலையை மூடி போட்டு அடைக்க வேண்டும். திறந்த குழாயில் மழைநீர் இறங்கி உள்ளிருந்து துருப்பிடித்தால் வெளியே தெரியவே தெரியாது.

5. கம்பியை எப்போது, எவ்வளவு இழுப்பது?

காங்கிரீட் போட்டு மறுநாளே கம்பி இழுக்கக் கூடாது. குறைந்தது 7 நாட்கள் நீர் விட்டு ஆற்ற வேண்டும். நேரமும் முக்கியம். உச்சி வெயிலில் 60 டிகிரி சூட்டில் கிடக்கும் கம்பி, இரவில் 25 டிகிரிக்குக் குளிரும்போது 50 மீட்டருக்கு 2 செ.மீ. சுருங்கப் பார்க்கும். இருமுனையும் அசையாதிருந்தால் இரண்டரை மி.மீ. தடிமனுள்ள ஒற்றைக் கம்பியில் மட்டும் 40 கிலோ இழுவை கூடிவிடும். நண்பகலில் விறைப்பாக இழுத்த கம்பி இரவெல்லாம் மூலைக்கம்பத்தை வளைத்துக்கொண்டிருக்கும். காலை நேரத்தில் அளவாக இழுப்பதே முறை.

முள் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆடும் நாயும் நுழையாமலிருக்கக் கீழே வலைக்கம்பியே போதும். முள்கம்பி மேல் இரண்டு வரிசையில் இருந்தால் போதுமானது. வாயில்லாப் பிராணியைக் கிழித்துக் காயப்படுத்தும் வேலி நமக்கு வேண்டாம்.

6. கேட்க வேண்டிய கேள்விகள்

வேலை நடக்கும் நாட்களில் ஜமாஅத்தார் யாரும் வந்து பார்க்கலாம், கேட்கலாம். கம்பம் ரசமட்டத்தில் நேராக நிற்கிறதா? முட்டின் கால் போதிய தூரம் தள்ளி இருக்கிறதா? காங்கிரீட் தரைக்கு மேல் உயர்ந்து சரிவாக இருக்கிறதா? பூச்சுத் தடிமனைக் கருவி வைத்து அளந்து காட்டினார்களா? கட்டி முடித்த பின்பும் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் ஓய்ந்ததும், மூலைக்கம்பங்களின் அடியைச் சுற்றி மண்ணை விலக்கிப் பார்த்து, துரு தெரிந்தால் சுரண்டிப் பூச வேண்டும். இளைஞர்கள் நான்கு பேர் முன்வந்தால் ஒரு காலை நேர வேலைதான் அது.

பிறர் கொடுத்த பொருள் நம் கையில் அமானிதம். அதை எங்கே செலவிட வேண்டும் என்று தெரிந்து செலவிடுவதும் அமானிதத்தைப் பேணுவதில் சேரும். நடுக்கம்பங்களில் பகட்டைக் குறைத்து, மூலைக்கம்பம், முட்டுக்கால், தரைமட்டம், துத்தநாகப் பூச்சு ஆகிய நான்கிலும் குறையே வைக்காமல் இருந்தால், நம் பிள்ளைகள் நம்மைச் சுமந்துகொண்டு அந்த வாசலுக்கு வரும் நாளிலும் வேலி நிமிர்ந்து நிற்கும். வல்ல அல்லாஹ் இந்த எளிய பணியை ஏற்று, அங்கே உறங்கும் நம் முன்னோர்களின் கபர்களை விசாலமாக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்