புரத மாவும் புரோட்டீன் பாரும் வாங்கத் தக்கனவா?
(இல்லறத்தார்க்கு ஓர் உணவுப் பாடம்)

சென்ற தை மாதம் உறவினர் திருமணம் ஒன்றிற்காக ஆரணிக்குச் சென்றிருந்தேன். நம்மவர் இல்லத் திருமணங்களின் வழக்கப்படி, கதிரவன் மறையுமுன் மாலைப் பந்தி முடிந்துவிட்டது. அப்போது என் தங்கையின் பேரன் என்னருகில் வந்து அமர்ந்தான். சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவன், வயது இருபத்தாறு.

“பெரிய பாட்டி, சென்னைக்குப் போனபிறகும் இரவு உண்ணாமையை நான் விடவில்லை. வீடு திரும்ப எட்டரை மணி ஆகிறது. ஆகையால் மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலேயே இந்தப் புரோட்டீன் பாரைத் தின்றுவிடுகிறேன். காலையில் புரத மாவைக் கலக்கிக் குடிக்கிறேன். மாதம் நாலாயிரம் ரூபாய் வரை ஆகிறது. இது சரியா என்று அம்மா உங்களிடம் கேட்கச் சொன்னார்கள்” என்றான்.

அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பொட்டலத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு, அதன் பின்புறத்தில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்துகளை வாசித்தேன். சேர்பொருள் வரிசையில் மூன்றாவதாகத் தேன் என்றிருந்தது. அவனிடம் காட்டினேன். பிள்ளையின் முகம் வாடிவிட்டது. எட்டு மாதங்களாக, விரதத்தைக் காப்பதாக எண்ணி, நாள்தோறும் தேனை உண்டிருக்கிறான். “பச்சைப் புள்ளி இருந்ததே பாட்டி!” என்றான்.

அந்தச் சொல்லே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று. வெளியூர்களில் பணிபுரியும் நம் பிள்ளைகள் பலர் இவற்றை வாங்குகின்றனர். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் இவற்றைப் பரிசாகவும் கொண்டுவருகின்றனர். ஆதலின் இவை யாவை, நமக்கு வேண்டியனவா, கொடுக்கும் விலைக்குத் தகுமா என்பவற்றை வகுப்பறையில் கற்பிப்பதுபோல் முறையாகக் காண்போம்.

இவை யாவை?

புரத மாவுகளுள் பெரும்பான்மையானவை பாலிலிருந்து எடுக்கப்படுபவை. பாலைத் திரித்துக் கட்டியைப் பிரித்தபின் எஞ்சும் வெளிறிய நீரை நாம் அறிவோம். அந்நீரிலுள்ள புரதத்தை வடித்து, உலர்த்திப் பொடியாக்கியதே ‘வே’ புரோட்டீன். 100 கிராம் பொடியில் ஏறத்தாழ 80 கிராம் புரதம் இருக்கும். சோயா, பட்டாணி ஆகியவற்றிலிருந்து எடுப்பனவும் உள. ஒரு வேளை உணவுக்கு மாற்றாக விற்கப்படும் ஷேக் மாவுகளில் இப்புரதத்துடன் மாவுச்சத்து, கொழுப்பு, உயிர்ச்சத்துகள், தாது உப்புகள் சேர்ந்திருக்கும். புரோட்டீன் பார் என்பது அதே புரதத்தைப் பேரீச்சை, கொட்டை வகைகள், இனிப்புப் பாகு ஆகியவற்றுடன் அழுத்திக் கட்டியாக்கியது. கடலை மிட்டாயின் ஒன்றுவிட்ட தம்பி என்று மாணவர்க்குச் சொல்லலாம்.

நமக்கு எவ்வளவு புரதம் வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட அளவின்படி, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடையுள்ளவர்க்கு இது 50 கிராம் ஆகும்.

இதனை நம் வீட்டுச் சமையலில் கணக்கிடுவோம். ஒரு நாளைக்கு அரிசி 250 கிராம் எனின் அதில் 17 கிராம் புரதம். துவரம்பருப்பு 50 கிராமில் 11. பாலும் தயிருமாக 400 மில்லியில் 13. இட்லி, தோசை வழியாகச் சேரும் உளுந்து 25 கிராமில் 6. சட்டினியிலோ சுண்டலிலோ சேரும் கடலை வகை 30 கிராமில் 7. ஆக மொத்தம் 54 கிராம். டப்பா எதுவும் இன்றியே கணக்கு நிறைவுற்றது.

ஆனால் இக்கணக்கில் ஒரு பொறி உண்டு. 50 கிராம் பருப்பை உண்மையிலேயே உண்பவர் எத்தனை பேர்? என் தங்கை பேரனிடம் அவன் அன்றாட உணவைக் கேட்டேன். காலையில் ரொட்டி, நண்பகலில் ரசஞ்சோறும் வறுவலும், பருப்பு ஒரு கரண்டி, அதுவும் நீர்த்த சாம்பாரில். அவனுக்குப் புரதக் குறைவு இருப்பது மெய்யே. அதே நிறுவனம் பரிந்துரைக்கும் உணவுத் தட்டில் பருப்பு வகைகள் நாளொன்றுக்கு 85 கிராம் அளவில் இடம்பெறுகின்றன. நம் வீடுகளில் அதில் பாதியும் சமைப்பதில்லை. இதனை நான் சென்ற சில மாதங்களில் என் வீட்டிலேயே நிறுத்துப் பார்த்து வெட்கப்பட்டேன்.

தரம் பற்றியும் ஒரு சொல். அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவுபடும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஆகையால் பொங்கல், இட்லி, பருப்புச்சோறு ஆகியவற்றில் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. பால் புரதம் தனித்தே நிறைவுடையது. அவ்வகையில் டப்பா மாவின் தரத்தைக் குறைகூற இயலாது.

பச்சைப் புள்ளி சொல்வதும் சொல்லாததும்

நம் நாட்டுச் சட்டத்தில் அசைவம் என்பதற்கு வரையறை உண்டு. முட்டையும் உயிரினத்திலிருந்து பெறும் பிற பொருள்களும் அதில் அடங்கும். ஆனால் பால், பால் பொருள்கள், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியன விலக்களிக்கப்பட்டுள்ளன. ஆகவே தேன் கலந்த பண்டத்திலும் பச்சைப் புள்ளி முறையாகவே இருக்கும். உற்பத்தியாளர் பொய் சொல்லவில்லை. நாம்தான் அப்புள்ளியை நம் அறநூல் இட்ட முத்திரையாகக் கொண்டுவிட்டோம். கள், ஊன், தேன் என்னும் மூன்றையும், ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைக் கனிகளையும் நீக்குதல் நம் இல்லறத்தார்க்கு அடிப்படை ஒழுக்கம். இன்றைய பார்களில் இனிப்புக்காக உலர் அத்திப்பழம் சேர்ப்பது பெருவழக்கு. அதற்கும் பச்சைப் புள்ளியே.

வெளிநாட்டிலிருந்து வருவனவற்றில் இப்புள்ளியும் இராது. அவற்றில் முட்டை வெண்கரு, ஜெலட்டின், கொலாஜன் ஆகிய சொற்களைத் தேடுக. பின்னிரண்டும் விலங்கின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்தோ மீனிலிருந்தோ எடுக்கப்படுவன. 120 என்ற எண்ணுடைய சிவப்பு நிறம் பூச்சிகளை நசுக்கிப் பெறுவது. உயிர்ச்சத்து டி3 பெரும்பாலும் ஆட்டு உரோமத்தின் கொழுப்பிலிருந்து வருகிறது. பாலாடைக்கட்டிக்குப் பாலைத் திரிக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைப் பயன்படுத்துவது மேனாட்டுப் பழைய முறை. இன்று நுண்ணுயிர் வழி நொதியே மிகுதி எனினும், இரண்டும் வழக்கிலுள்ளன. அந்தத் திரிந்த நீரே ‘வே’ மாவாகிறது. ஐயம் உள்ளவர் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பதே வழி.

கிழங்கு விலக்குவோர்க்கு மற்றொன்று. நார்ச்சத்துக்காகப் பல பார்களில் சிக்கரி வேரிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள். இதைப் பேரனுக்கு விளக்கி, “வேர் வேண்டாம் அப்பா” என்று அறிவுரையும் கூறிவிட்டு வீடு வந்தேன். மறுநாள் காலை என் காபித்தூள் பொட்டலத்தைப் பார்த்தேன். சிக்கரி 30 விழுக்காடு என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. நாற்பதாண்டுகளாக நான் பருகிவந்ததும் அதே வேர்தான். பிள்ளையிடம் தொலைபேசியில் ஒப்புக்கொண்டேன். இப்போது தனிக் காபித்தூள் வாங்குகிறேன்.

அட்டையை வாசிக்க மேலும் இரண்டு குறிப்புகள். சேர்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் எழுதப்படும். முதலிடத்தில் பேரீச்சைப் பாகோ சர்க்கரையோ இருப்பின் அது புரதம் தெளித்த இனிப்பு என்றே கொள்க. ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ என்றிருப்பின் மால்டிடால் உள்ளதா என்று காண்க. மிகுந்தால் வயிற்றுப் பொருமலும் போக்கும் உண்டாக்கும்.

அட்டை மெய்யா?

உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, 6.25ஆல் பெருக்கிப் புரதத்தின் அளவைக் கூறுவது வழக்கமான ஆய்வுமுறை. புரதம் அல்லாத வேறு நைட்ரஜன் பொருளைக் கலந்தாலும் எண் உயரும். 2008இல் சீனாவில் பாலில் மெலமின் என்னும் வேதிப்பொருளைக் கலந்தமை இவ்வகையே. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றனர், ஆறு குழந்தைகள் இறந்தனர். புரத மாவுகளில் விலைகுறைந்த கிளைசின் போன்ற அமினோ அமிலங்களைக் கலந்து எண்ணை உயர்த்தும் ஏமாற்றும் உண்டு. 2024இல் இந்தியச் சந்தையிலுள்ள 36 மாவுகளை மருத்துவர் குழு ஒன்று ஆய்ந்து வெளியிட்ட கட்டுரையில், பத்தில் ஏழு அளவில் புரதக் கணக்கு அட்டையோடு பொருந்தவில்லை என்று கண்டனர். அதே ஆண்டு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடலைப் பெருக்குவதற்காகப் புரத மாவுகளை உண்பதைத் தவிர்க்குமாறு கூறுகிறது.

எல்லார்க்கும் வேண்டா என்பதும் நேர்மையன்று. அறுவை மருத்துவத்துக்குப் பின் மெல்ல இயலாதவர், விழுங்க இடர்ப்படுபவர், பசியற்று எடை இழக்கும் முதியோர் ஆகியோர்க்கு மருத்துவர் இவற்றை எழுதித் தருவர். அங்கே இவை மருந்தே. பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை நோயினர்க்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி தரும் ஷேக்குகளையே உணவாக அளித்தனர். ஓராண்டின் முடிவில் 46 விழுக்காட்டினர் மருந்தின்றியே நோய் தணிந்த நிலையில் இருந்தனர். ஆனால் அது மருத்துவக் கண்காணிப்பில், மருந்துகளை நிறுத்தி, படிப்படியாக உணவுக்குத் திரும்பச் செய்த முறை. வீட்டில் தாமே தொடங்கத் தக்கதன்று. எங்கள் தெருவில் முதிய அம்மையார் ஒருவர்க்கு, சோர்வு நீங்கும் என்று மருமகள் அன்போடு புரத மாவு கரைத்துக் கொடுத்துவந்தார். சிறுநீரகம் முன்பே தளர்ந்திருந்தமை பின்னரே தெரிந்தது. மருத்துவர் உடனே நிறுத்தச் சொன்னார். சிறுநீரக நோயினர் மருத்துவரைக் கேளாமல் ஒரு கரண்டியும் உண்ணலாகாது.

விலைக் கணக்கு

பேரன் வாங்கிய பார் ஒன்றின் விலை 60 ரூபாய். புரதம் 10 கிராம். மாவு கிலோ 2,400 ரூபாய். புரதம் 800 கிராம். எனவே 10 கிராம் புரதத்துக்குப் பாரில் 60 ரூபாயும் மாவில் 30 ரூபாயும் ஆகின்றன.

இனி நம் சமையலறை. பொட்டுக்கடலை 300 கிராம், வறுத்த வேர்க்கடலை 100 கிராம், எள் 50 கிராம். எங்கள் ஊர்க் கடையில் இவற்றின் விலை 39, 15, 12 ஆக 66 ரூபாய். புரதம் முறையே 66, 25, 9 ஆக 100 கிராம். எனவே 10 கிராமுக்கு ஏழு ரூபாயும் ஆகவில்லை. இக்கலவையில் 50 கிராம் எடுத்தால் 11 கிராம் புரதம் கிட்டும். வெல்லம் சேர்த்து இடித்தால் உருண்டை. நீரில் கரைத்தால் ஷேக். பீகார் மக்கள் வறுத்த கடலை மாவைச் சத்து என்னும் பெயரால் நீரில் கரைத்துப் பருகிவருவதும் இதுவே. ஆனால் இதில் மாவுச்சத்தும் எண்ணெயும் உடன்வரும் என்பதைச் சர்க்கரை நோயினரும் எடை குறைப்போரும் கணக்கில் கொள்க.

நம் ஒழுக்கம் பேணுவோர்க்குச் சில குறிப்புகள். சத்துமாவுக் குறிப்புகள் பலவற்றில் தானியத்தை முளைகட்டச் சொல்வர். முளை விலக்குவோர் வறுத்தே அரைக்கலாம், புரதம் குறையாது. துவிதளம் கருதிப் பருப்போடு பால் தயிர் சேர்க்காதவர் வெந்நீரில் கரைத்துக்கொள்க. மாவுக்கு மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என்னும் வரம்பைக் கைக்கொள்ளும் குடும்பங்களில், ஒன்றரை ஆண்டுக் காலக்கெடு இட்ட டப்பா மாவைக் குறித்து நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கடலையை முழுதாக வறுத்து வைத்து, வேண்டும்போது சிறிது சிறிதாக அரைத்துக்கொள்ளலாம். வேர்க்கடலையில் சுருங்கியனவற்றையும் பூசணம் பிடித்தனவற்றையும் களைந்துவிடுக; அப்பூசணத்தின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும்.

‘ஷேக் குடிப்பதுதானே, இரவில் பருகினால் என்ன?’ என்று ஓர் இளைஞர் கேட்டார். உணவுக்கு மாற்று என்று விற்பவரே அதனை உணவு என்று ஒப்புக்கொள்கிறார் அல்லரோ?

சென்னையில் கார்த்திகை மாதத்தில் மாலை 5.40 அளவிலேயே கதிரவன் மறைகிறது, ஆனியில் 6.40 வரை பொழுதுண்டு. இந்த ஒரு மணி வேறுபாட்டைப் பேரனுக்கு ஒரு தாளில் மாதவாரியாக எழுதிக் கொடுத்தேன். அவன் அதனைத் தன் மேசையில் ஒட்டிவைத்திருக்கிறான். கிழமைதோறும் அவன் அம்மா ஏழு உருண்டைகள் பிடித்து அனுப்புகிறாள். ஐந்து மணிக்கு ஓர் உருண்டையும், காலையிலேயே வேகவைத்து எடுத்துச்செல்லும் பாசிப்பயற்றுச் சுண்டலும் உண்கிறான். தொலைவான பயணங்களுக்கு மட்டும், தேனும் அத்தியும் வேரும் இல்லாத பார் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பையில் வைத்துக்கொள்கிறான். அதற்கு அவன் பதினோரு அட்டைகளை வாசிக்க வேண்டியிருந்ததாம்.

வீட்டுப் பயிற்சி: உங்கள் வீட்டில் ஒரு நாளில் சமைத்த பருப்பு வகைகளைச் சமைக்குமுன் நிறுத்து, உண்போர் தொகையால் வகுக்க. வரும் எண்ணை 85உடன் ஒப்பிடுக. பிள்ளைகள் வாங்கும் பார் அட்டை ஒன்றைக் கொண்டு, 10 கிராம் புரதத்தின் விலையைக் காண்க.