வெடி விபத்துக்குப் பின்: காயம் படாதவரையும் கவனியுங்கள்

பட்டாசுத் தொழிலாளர் குடும்பத்தாரே, போர்மேன்மாரே!

ஆலையில் வெடி விபத்து நேர்ந்தால் தீக்காயம் பட்டவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். இறந்தவருக்காக அழுகிறோம். உடம்பில் கீறல் இல்லாமல் வீடு திரும்பியவரை என்ன செய்கிறோம்? "நீதான் தப்பிச்சிட்டியே, உனக்கென்ன குறை?" என்று சொல்லி, ஆலை திறந்ததும் வேலைக்கு அனுப்பிவிடுகிறோம். அவருக்கும் அடிபட்டிருக்கிறது. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில், உதவிக்கும் வேடிக்கை பார்க்கவும் ஓடிய ஊராரும் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்திலும் பல உயிர்கள் போயின. இப்படிப்பட்ட விபத்தை நேரில் கண்டு பிழைத்தவருக்கு முதல் சில நாட்கள் தூக்கம் வராது. கண்ணை மூடினால் அதே காட்சி தெரியும். கதவு சாத்தும் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். கை நடுங்கும், சோறு இறங்காது. "நான் தண்ணி குடிக்க வெளியே போன நேரத்துல அவ போயிட்டாளே, நர்ஸம்மா" என்று குற்றவாளி போலத் தவிப்பவரும் உண்டு. இது கோழைத்தனமல்ல, பேய் பிடித்ததுமல்ல. பெரும் அதிர்ச்சி கண்ட மனம் இப்படித்தான் நடந்துகொள்ளும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணியும். கோயிலில் திருநீறு பூசி வருவதை யாரும் தடுக்கவில்லை. ஆறுதல் எங்கே கிடைத்தாலும் நல்லதே.

வீட்டார் செய்யக்கூடாத ஒன்று உண்டு. துக்கம் விசாரிக்க வருகிறவர் ஒவ்வொருவரும் "என்ன நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லு" என்று கிளறுவது. கட்டாயப்படுத்திச் சொல்ல வைப்பதால் மனப்பாரம் குறையாது. சிலருக்குக் கூடவும் செய்யும். அவராகப் பேசினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். பேசாவிட்டால் பக்கத்தில் இருங்கள், சாப்பிட வையுங்கள். "உன் மேல தப்பில்லம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். தூங்க வேண்டுமென்று சாராயம் ஊற்றிக் கொடுப்பதும், கடையில் தூக்க மாத்திரை வாங்கித் தருவதும் கெடுதல். தெருவில் சாவுக்கோ திருவிழாவுக்கோ வேட்டுப் போடுவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். எதிர்பாராத சத்தம்தான் அவரை அதிகம் உலுக்கும்.

போர்மேன்மார் இதைக் கவனிக்க வேண்டும். நாலு நாள் தூங்காதவர், கை நடுங்குகிறவர், மருந்து கலக்கும் அறையில் உட்கார்ந்தால் அடுத்த விபத்துக்கு அதுவே காரணமாகலாம். "பயந்தா இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தே?" என்று கேட்காதீர்கள். லேபிள் ஒட்டுவது, பெட்டி போடுவது போன்ற வேலையைக் கொஞ்ச நாள் கொடுங்கள். வராத நாளுக்குக் கூலி இல்லை என்ற பயத்தில்தான் பலர் தங்கள் பயத்தை மறைக்கிறார்கள். அந்தக் கவலையை முதலாளியிடம் பேசித் தீர்ப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஒரு மாதம் கழிந்தும் இந்தத் தொல்லைகள் நீடித்தால், வேலைப் பக்கமே போக முடியாவிட்டால், குடி அதிகமானால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டரிடம் அங்கிருந்து அனுப்புவார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கிடையாது. பேசிக் குணப்படுத்தும் முறைகள் இருக்கின்றன, தேவையானால் மருந்தும் உண்டு. சின்னப் பிள்ளைகள் மறுபடி படுக்கையில் சிறுநீர் கழித்தாலும், தாயை விட்டுப் பிரிய மறுத்தாலும் அதையும் சொல்லுங்கள்.

"நானும் அவங்களோடயே போயிருக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் மாதக்கணக்குப் பார்க்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்து வாருங்கள். நடுராத்திரியானாலும் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசுவார்கள்.